பந்தின் எடை எங்கே போயிற்று? பின்பால் மேசையும் பழைய வீடியோ பின்பாலும்

தமிழ்நாட்டில் பின்பால் என்றதும் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது ஓர் இயந்திரம் அன்று. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் சாலிடேருக்கும் மைன்ஸ்வீப்பருக்கும் பக்கத்தில் இருந்த ‘3டி பின்பால்’ என்னும் விளையாட்டே அது. பிரவுசிங் சென்டரில் இணைப்பு அறுந்துபோன நேரங்களிலும், கணினிப் பயிற்சி வகுப்பில் ஆசிரியர் வெளியே சென்ற நேரங்களிலும், இசட் விசையையும் சாய்கோட்டு விசையையும் மாறி மாறி அழுத்தி அந்த வெள்ளிப் பந்தைக் கீழே விழாமல் காத்துக்கொண்டிருந்தவர்கள் இங்கே ஏராளம். அந்த விளையாட்டு எதைப் பார்த்து வரையப்பட்டதோ அந்த மூல இயந்திரத்தின் முன்னால் நின்றவர்கள் அவர்களில் மிகச் சிலரே. நகலை நன்கு அறிந்து மூலத்தை அறியாத இந்த நிலை ஒரு குறைதான்; ஆனாலும் பழைய வீடியோ பின்பால் விளையாட்டுகள் மூலத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டுவிட்டன என்று கேட்பதற்கு அது ஒரு நல்ல தொடக்கமாகவும் அமைகிறது.

அவை விட்டுவிட்டவற்றில் முதன்மையானது பந்தின் எடை. திரையில் ஓடும் பந்துக்கு உருவம் உண்டு, வேகம் உண்டு, ஓசையும் உண்டு. கனம் மட்டும் கிடையாது. இந்த இழப்பை மறைக்க முயன்ற விளையாட்டுகளைவிட, இழப்பை ஒப்புக்கொண்டு அதற்கு ஈடாக வேறொன்றைத் தந்த விளையாட்டுகளே இன்றும் ஆடத்தக்கவையாக இருக்கின்றன என்பது என் கருத்து. அதை விளக்க முதலில் மூல இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

மேசையும் பந்தும்

உண்மையான பின்பால் இயந்திரம் என்பது நான்கு கால்களின் மேல் நிற்கும், கண்ணாடியால் மூடப்பட்ட, ஆடுபவரை நோக்கிச் சரிந்த ஒரு மரப்பலகை. இன்றைய இயந்திரங்களில் அந்தப் பலகை ஏறத்தாழ 107 செ.மீ. நீளமும் 51 செ.மீ. அகலமும் உடையது, 6.5 பாகை அளவுக்குச் சாய்வாக நிறுத்தப்படுகிறது. அதன்மேல் ஓடும் எஃகுப் பந்து 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்டது. ஆடுபவர் முன்புறக் கைப்பிடியை இழுத்துவிட்டால், சுருள்வில் அந்தப் பந்தை வலப்பக்கத்து ஒடுங்கிய பாதை வழியே மேலே அனுப்புகிறது. அதன் பிறகு பந்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கீழே இறங்குவது. இறங்கி வந்து பலகையின் அடியில் நடுவே உள்ள இடைவெளியிலோ இரு ஓரங்களிலும் உள்ள பள்ளங்களிலோ விழுந்துவிட்டால் அந்தப் பந்து போயிற்று. வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்துகள்.

அந்த நடு இடைவெளியைக் காவல் காப்பவை ஃப்ளிப்பர்கள் எனப்படும் இரண்டு துடுப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.5 செ.மீ. நீளம்; சுற்றிலும் ரப்பர் வளையம். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தியதும், பலகைக்கு அடியில் உள்ள மின்காந்தச் சுருள் ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, துடுப்பு மேல்நோக்கி உதைக்கிறது. துடுப்பின் நுனிக்கு அருகே பந்து இருக்கும்போது உதைத்தால் அது எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்காகப் பாயும். அடிப்பகுதிக்கு அருகே இருக்கும்போது உதைத்தால் அதே பக்கத்துக்கு ஏறும். இவற்றுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒவ்வொரு திசை. பலகையில் உள்ள சரிவுப் பாதைகள், விழும் இலக்குகள், பந்து பட்டவுடன் அதை வெடுக்கென்று தள்ளிவிடும் வட்ட பம்பர்கள் ஆகிய அனைத்தும் இந்தக் குறிபார்ப்புக்காகக் காத்திருக்கின்றன. எந்த இலக்கை எந்த வரிசையில் அடித்தால் எவ்வளவு மதிப்பெண் என்பதை விளக்குகள் சொல்கின்றன.

தொடக்கநிலையில் உள்ளவர் அறிய வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் துடுப்பு மேலேயே நிற்கும். உருண்டு வரும் பந்து அதற்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையில் தொட்டிலில் கிடப்பதுபோல் தங்கிவிடும். அப்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. ஆடுபவர் மூச்சு விட்டு, விளக்குகளைப் பார்த்து, அடுத்து எதை அடிப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். பின்பால் என்பது கை பரபரக்கும் விளையாட்டு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நன்றாக ஆடுபவரின் கைகளோ பெரும்பாலான நேரம் சும்மா இருக்கின்றன.

இன்னொரு செய்தி, உடல். ஆடுபவர் பெட்டியை இரு கைகளாலும் பற்றி நிற்கிறார். பந்து ஓரப் பள்ளத்தை நோக்கிப் போகும்போது உள்ளங்கையால் பெட்டியை ஒரு தட்டு தட்டி அதைத் திசை திருப்புகிறார். இது ஏமாற்று அன்று, ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் அளவு மீறினால் ‘டில்ட்’ என்னும் தண்டனை உண்டு: விளக்குகள் அணையும், துடுப்புகள் செயலிழக்கும், அந்தப் பந்து தானாக விழுந்து முடியும். இதைக் கண்டுபிடிப்பது மிக எளிய ஒரு கருவி. உலோக வளையம் ஒன்றின் நடுவே ஒரு ஊசற்குண்டு தொங்குகிறது; பெட்டி அதிகமாக அசைந்தால் குண்டு வளையத்தைத் தொட்டு மின்சுற்றை மூடுகிறது. 1930-களில் ஹாரி வில்லியம்ஸ் என்னும் பின்பால் வடிவமைப்பாளர் இந்த எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தார். தட்டலாம், ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் உள்ளங்கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சூதாட்டம் என்ற பழி

பந்துக்கு எடை உண்டு என்பது வெறும் இயற்பியல் செய்தி அன்று. ஒரு காலத்தில் அது சட்டப் பிரச்சினையாகவும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் ஆடப்பட்ட பகட்டெல் என்னும் மேசை விளையாட்டின் வழிவந்தது பின்பால். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1871-இல் மாண்டேகு ரெட்கிரேவ் சுருள்வில் கைப்பிடிக்குக் காப்புரிமை பெற்றார். 1931-இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் வெளியிட்ட ‘பாஃபிள் பால்’ அதைக் கடைக்குக் கடை கொண்டு சேர்த்தது. இந்த இயந்திரங்களில் துடுப்புகள் கிடையாது. பந்தை அனுப்பியபின், ஆணிகளுக்கு நடுவே அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டும், இடையிடையே பெட்டியை உலுக்கிக்கொண்டும் நிற்பதுதான் ஆட்டம். பரிசும் பணமும் சேர்ந்தபோது அது சூதாட்டம் என்ற பெயரைப் பெற்றதில் வியப்பில்லை. நியூயார்க் நகரில் மேயர் லா கார்டியாவின் முயற்சியால் 1942-இல் தடை வந்தது. பறிமுதல் செய்யப்பட்ட இயந்திரங்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன.

தடைக்குப் பிறகுதான், 1947-இல், காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் முதல் மின் துடுப்புகள் வந்தன, அதை வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அடுத்த ஆண்டு ஸ்டீவ் கோர்டெக் என்னும் வடிவமைப்பாளர், அதிலிருந்த ஆறு துடுப்புகள் எதற்கு, கீழே இரண்டு போதுமே என்று காட்டினார். ஆட்டம் அதிர்ஷ்டத்திலிருந்து திறமைக்கு நகர்ந்துவிட்டது. சட்டம் நகர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்னும் எழுத்தாளர் நியூயார்க் நகர மன்றத்தினர் முன்னிலையில் ஓர் இயந்திரத்தை ஆடிக் காட்டினார். கைப்பிடியை இழுத்து, பந்து மேலே உள்ள நடுப் பாதை வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்படியே இறங்கியது, தடை நீங்கியது. அது அதிர்ஷ்டத்தால் நேர்ந்தது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

ஈர்ப்பு விசை ஓர் எண் ஆகும்போது

தடை நீங்கிய அதே பத்தாண்டில் வீடியோ விளையாட்டுகள் பரவத் தொடங்கின. அவற்றோடு வீடியோ பின்பாலும் பிறந்தது. அட்டாரி நிறுவனம் 1977-இல் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஒன்றையும், 1979-இல் விளையாட்டுக் கூடங்களுக்கு ஒன்றையும் வெளியிட்டது. பின்னர் அதே நிறுவனத்தின் 2600 கருவிக்கு வந்த பதிப்பில் பந்து வட்டமாகக்கூட இல்லை, சிறு சதுரம். அதைப் பின்பால் என்று ஏற்பதற்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.

இந்தத் துறையில் உண்மையான பாய்ச்சல் ஆப்பிள் 2 கணினியில் நிகழ்ந்தது. 1981-இல் பில் பட்ஜ் எழுதிய ‘ராஸ்டர் பிளாஸ்டர்’ பந்தின் துள்ளலைக் கண் ஏற்கும்படி காட்டியது. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் மட்டுமே கொண்ட ஒரு செயலி, பந்தின் இடத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, அது எந்தக் கோட்டில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று பார்த்து, மீள் திசையைக் கண்டு, பழைய பந்தை அழித்துப் புதிய பந்தை வரைய வேண்டும்; அதுவும் கண் இமைப்பதற்குள் பலமுறை. மர மேசை எதையும் கணக்கிடுவதில்லை. கணினி மேசையிலோ கணக்கிடப்படாத எதுவும் நிகழ்வதில்லை. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பட்ஜ் பின்னர் உருவாக்கிய ‘பின்பால் கன்ஸ்ட்ரக்ஷன் செட்’ இந்த வேறுபாட்டையே விளையாட்டாக்கியது. பம்பர்களையும் துடுப்புகளையும் திரையில் எடுத்து வைத்து ஆடுபவர் தாமே ஒரு மேசையை அமைக்கலாம். அதைவிட வியப்பாக, ஈர்ப்பு விசையையும் துள்ளலையும் கூட்டிக் குறைக்கலாம். விமானம் ஓட்டும் விளையாட்டால் புகழ்பெற்ற புரூஸ் ஆர்ட்விக் 1982-இல் எழுதிய ‘நைட் மிஷன் பின்பால்’ விளையாட்டிலும் இத்தகைய அளவுகளை மாற்றிக்கொள்ளும் வசதி ஏராளமாக இருந்தது. ஈர்ப்பு விசை ஒரு விதியாக இல்லாமல் ஓர் எண்ணாக ஆகிவிட்டபோது, அந்த எண்ணுக்கு எந்த மதிப்பைத் தருவது என்பது கலைஞரின் முடிவாக ஆகிவிடுகிறது. பழைய வீடியோ பின்பால்களில் பந்து பெரும்பாலும் மிதப்பதுபோல் மெதுவாக இறங்குவதற்கு இயலாமை மட்டும் காரணம் அன்று. அது ஒரு தேர்வும்கூட.

அந்தத் தேர்வின் காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒரு பந்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையில் பந்து 5 செ.மீ. நகர்ந்திருக்கும், அதாவது தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு. ஒரு படத்தில் பந்து சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம். நடுவில் மோதல் நிகழ்ந்ததை நிரல் தானே ஊகித்து அறியாவிட்டால் பந்து சுவரைத் துளைத்துப் போய்விடும். துடுப்பின்மேல் மெதுவாக, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உருளும் பந்தும்கூட ஒரு படத்துக்கு 8 மி.மீ. தாவுகிறது. உண்மையான துடுப்பின் 7.5 செ.மீ. நீளத்தில் எண்ணற்ற புள்ளிகளில் உதைக்கலாம் என்றால், இப்படிக் கணக்கிடும் திரையில் கிடைப்பவை ஒன்பது பத்துப் புள்ளிகள்தாம். மில்லிமீட்டர் அளவில் குறிபார்ப்பதைக் கேட்க முடியாத இடத்தில், இலக்குகளைத் தாராளமாக வைத்து, பந்தையும் சற்று நிதானமாக ஓடவிடுவது நியாயமான முடிவே.

சுவரைத் துளைக்கும் பந்து வெறும் கற்பனை அன்று. எக்ஸ்பியில் நாம் ஆடிய விளையாட்டு, சினிமாட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி 1995-இல் மேக்சிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ தொகுப்பின் மூன்று மேசைகளுள் ஒன்றான ‘ஸ்பேஸ் கேடட்’. அதை 64-பிட் விண்டோஸுக்கு மாற்ற முயன்றபோது, கைப்பிடிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டிய பந்து அதற்குள்ளேயே மெல்லப் புகுந்து, மேசைக்கு அடியில் இறங்கி மறைந்ததாக மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னர் எழுதினார். குறிப்புகள் எதுவும் இல்லாத பழைய நிரலில் மோதலைக் கண்டறியும் பகுதியில் இருந்த பிழையைப் பிடிக்க முடியவில்லை என்பது அவர் தந்த விளக்கம். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த விளையாட்டு இல்லாமற்போனது. எடையில்லாத பந்து, மோதலையும் மறந்துவிட்டால் பேயாகிவிடும்.

நீள மேசையும் அகலத் திரையும்

இன்னொரு சிக்கல் வடிவத்தில் இருந்தது. பின்பால் மேசை அகலத்தைப் போல் இரு மடங்கு நீளமானது. அக்காலத் தொலைக்காட்சித் திரையோ உயரத்தைவிட அகலம் கூடியது. முழு மேசையையும் ஒரே திரையில் அடக்கினால் எல்லாம் சிறுத்துவிடும். ஆகவே சிலர் மேசையை இரண்டாக வெட்டி, பந்து மேல் பாதிக்குப் போனால் மேல் பாதியையும் கீழே வந்தால் கீழ்ப் பாதியையும் காட்டினர். 1984-இல் வெளிவந்த நின்டெண்டோவின் ‘பின்பால்’ இந்த வகை. அதன் நிரலை எழுதியவர், பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாடா. வேறு சிலர் பந்தைத் தொடர்ந்து மேலும் கீழும் நகரும் காட்சியைத் தேர்ந்தெடுத்தனர்.

எந்த வழியானாலும் ஒன்று இழக்கப்படுகிறது. மர மேசையின் முன் நிற்பவர், துடுப்பில் பந்தைத் தாங்கியபடியே நிமிர்ந்து இலக்கைப் பார்க்கிறார். நகரும் திரையில் பந்து கீழே இருக்கும்போது மேலே உள்ள இலக்கு கண்ணில் படாது. அது இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மேசையின் பரப்பு கண்ணிலிருந்து நினைவுக்கு இடம் மாறுகிறது. புதியவருக்கு இது தடை. பழகியவருக்கோ, தெரிந்த தெருவில் இருட்டில் நடப்பதுபோன்ற ஓர் இன்பம் இதில் உண்டு. இந்தச் சுவை மர மேசையில் கிடைக்காது.

நின்டெண்டோ ‘பின்பால்’ வெட்டப்பட்ட திரையிலிருந்து ஒரு நன்மையையும் பெற்றது. ஒரு குழிக்குள் பந்து போனால் மூன்றாவதாக ஓர் அறை திறக்கிறது. அங்கே துடுப்புகள் இல்லை, மாரியோ ஒரு பலகையைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடிப் பந்தைத் தட்டி, மேலே சிக்கியுள்ள பெண்ணை மீட்க வேண்டும். மரப் பெட்டிக்குள் அப்படி ஓர் அறையைக் கட்ட முடியாது. திரையில் அதற்கு இன்னொரு படம் போதும்.

நகல் எடுப்பதை நிறுத்தியவர்கள்

இந்த விடுதலையை முழுமையாகப் பயன்படுத்தியவை, ஜப்பானின் கம்பைல் நிறுவனம் பிசி இன்ஜின் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கிய இரண்டு விளையாட்டுகள்: 1988-இன் ‘ஏலியன் கிரஷ்’, 1990-இன் ‘டெவில்ஸ் கிரஷ்’. இரண்டாவதை நான் இந்த வகையின் உச்சம் என்று சொல்வேன். திரையைப் போல் மூன்று மடங்கு உயரமான ஒரே மேசை. அதில் எலும்புக்கூடுகள் நடக்கின்றன, முக்காடிட்ட உருவங்கள் வட்டமாக வலம் வருகின்றன, நடுவில் உறங்கும் ஒரு பெண்ணின் முகம் அடிபட அடிபட மெல்ல மாறி ஊர்வன இனத்தின் முகமாகிறது. பந்து பட்டதும் உயிர்கள் மறைகின்றன. சிறிது நேரத்தில் மீண்டும் வருகின்றன. உண்மையான மேசையில் இலக்குகள் இருந்த இடத்தில் இருக்கும். பந்து ஒன்றே அலையும். இங்கே இரண்டும் அலைகின்றன. அதனால் குறிபார்ப்பதன் பொருளே மாறி, எங்கே அடிப்பது என்ற கேள்வியோடு எப்போது அடிப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பந்துக்கு எடையில்லை என்ற எண்ணமே ஆடும்போது எழுவதில்லை.

ஐரோப்பாவில் வேறொரு மரபு உருவானது. சுவீடனில் ‘தி சைலண்ட்ஸ்’ என்னும் கணினிக் கலைக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் டிஜிட்டல் இல்யூஷன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அமிகா கணினிக்காக 1992-இல் ‘பின்பால் டிரீம்ஸ்’ விளையாட்டையும், அதே ஆண்டு ‘பின்பால் ஃபேண்டசிஸ்’ விளையாட்டையும் வெளியிட்டனர். (பின்னாளில் பேட்டில்ஃபீல்டு போர் விளையாட்டுகளை உருவாக்கியதும் இதே நிறுவனம்தான்.) இவர்கள் பேய் பிசாசுகளின் பக்கம் போகவில்லை. கடையில் நிற்கக்கூடிய ஒரு மேசையைப் போன்றே வரைந்தனர்: சரிவுப் பாதைகள், ஒளிரும் எழுத்துகள், மேலே மதிப்பெண் பலகை. ஆனால் காட்சி பந்தோடு வழுக்கிக்கொண்டு போகும் மென்மையும், ஒலோஃப் குஸ்டாஃப்சனின் இசையும் சேர்ந்து, மேசையின் கனத்துக்குப் பதிலாக ஒரு தாளத்தைக் கொடுத்தன. ஒரு சரிவுப் பாதையை அடித்து, பந்து சுற்றி மீண்டும் அதே துடுப்புக்கு வந்து, மீண்டும் அதே பாதையை அடிக்கும்போது கை அந்தத் தாளத்தில் விழுந்துவிடுகிறது.

ஸ்பேஸ் கேடட்டை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? அதை இலவசமாக வந்த பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. முழு மேசையையும் சாய்வுக் காட்சியில் ஒரே திரையில் காட்டி, வலப்பக்கத்து மிகுதி இடத்தை மதிப்பெண்ணுக்கும் அறிவிப்புகளுக்கும் ஒதுக்கிய அதன் அமைப்பு, வடிவச் சிக்கலுக்குக் கிடைத்த நேர்த்தியான விடைகளுள் ஒன்று. கேடட்டில் தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை ஒன்பது பதவிகள். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் பணிகளைத் தேர்ந்தெடுத்து முடிக்க வேண்டும். துடுப்புகளைப் படபடவென்று அடித்தே காலம் கழித்த பலர், அந்தப் பணிகள் இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். வலப்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஓடிய வரிகளை நாம் படித்திருந்தால் வேறு விளையாட்டாக இருந்திருக்கும்.

தட்டுதல் என்னும் விசை

மேசையைத் தட்டுவதற்கு ஸ்பேஸ் கேடட்டிலும் விசைகள் உண்டு: இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. மிகுதியாக அழுத்தினால் டில்டும் உண்டு. விதி அப்படியே நகலெடுக்கப்பட்டுள்ளது, செயல் நகலெடுக்கப்படவில்லை. விசையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் கணினிக்கு ஒன்றுதான். மர மேசையிலோ உள்ளங்கையின் அழுத்தம், நேரம், கால்கள் தரையைப் பற்றியிருக்கும் விதம் அனைத்தும் பந்துக்குத் தெரிகின்றன. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட ஒரு பெட்டியை மிகச் சிறிதளவு அசைத்து, 80 கிராம் பந்தின் போக்கை மாற்றுவதில் உள்ள நிறைவை எந்த விசையும் தருவதில்லை. வீடியோ பின்பால் இதுவரை முழுமையாக மீட்க முடியாத ஒன்று இதுவே. இப்போது சிலர் பெரிய தொலைக்காட்சித் திரையை மரப் பெட்டியில் கிடத்தி, அசைவை உணரும் கருவிகளையும், உதையைக் கையில் உணர்த்தும் மின்சுருள்களையும் பொருத்தி, 2000-இல் ராண்டி டேவிஸ் வெளியிட்ட ‘விஷுவல் பின்பால்’ போன்ற மென்பொருள்களை ஆடுகிறார்கள். எடையைத் திரைக்குள் கொண்டுவர முடியாததால் திரையை எடைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

மர மேசை ஒவ்வொரு நாளும் ஒரு குணத்தில் இருக்கும். ரப்பர் காய்ந்தால் துள்ளல் குறையும். மெழுகு பூசினால் பந்து பறக்கும். நீண்ட நேரம் ஆடினால் சுருள் சூடேறித் துடுப்பு சோர்வடையும். ஒரு கால் சற்று உயர்ந்திருந்தால் பந்து எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். ஒரே பெயருடைய இரண்டு இயந்திரங்கள் ஒருபோதும் ஒன்றாக ஆடுவதில்லை. நினைவில் வைத்த கோடுகளும் எண்களுமாக உள்ள மேசைக்கு முதுமை இல்லை. 1992-இல் ஆடிய அதே பின்பால் டிரீம்ஸை, அதே துள்ளலோடு, இன்றும் ஆடலாம். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இயந்திரத்தை வைத்திருப்பவரின் துயரத்தை அறியாதவர்கள்: உதிரிபாகம் தேட வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும், எரிந்துபோன விளக்கை மாற்ற வேண்டும், இவற்றுக்கு முன்னால் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கவும் வேண்டும்.

திரை மேசைக்குத் திருப்பிக் கொடுத்தது

நகல் எப்போதும் ஒரே திசையில் போகவில்லை. 1982-இல் வந்த ‘பேபி பேக்-மேன்’ இயந்திரத்தில் பாதி வீடியோ, பாதி பின்பால்: திரையில் ஓடும் பேக்-மேன் கீழ்ப்பாதையில் இறங்கினால், ஆட்டம் மர மேசையில் எஃகுப் பந்தாகத் தொடர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1992-இல், பேட் லாலர் வடிவமைத்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,000-க்கு மேல் விற்றது. கதையும் குரலும் பணிகளும் நிறைந்த அத்தகைய மேசைகள், வீடியோ விளையாட்டுகளால் வளர்ந்த தலைமுறைக்குப் பழக்கமான மொழியில் பேசின.

அந்த உயரத்திலிருந்து வீழ்ச்சியும் விரைவாக வந்தது. கடைசி முயற்சியாக வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் ‘பின்பால் 2000’ என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. மேலே ஒளித்து வைத்த திரையின் காட்சி கண்ணாடியில் பிரதிபலித்து, மர மேசையின்மேல் செவ்வாய்க் கிரகவாசிகள் நிற்பதுபோல் தோன்றும். எஃகுப் பந்து அவர்களை அடித்தால் வெடித்துச் சிதறுவார்கள். டெவில்ஸ் கிரஷ் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திரையில் செய்ததை, எடையுள்ள ஒரு பந்தைக் கொண்டு செய்து பார்த்தார்கள். பாராட்டு கிடைத்தது, ஆனாலும் அதே ஆண்டின் இறுதிக்குள் நிறுவனம் பின்பால் பிரிவை மூடியது. அதன் பிறகு சில ஆண்டுகள், சிகாகோ பகுதியில் இயங்கும் ஸ்டெர்ன் நிறுவனம் ஏறத்தாழத் தனியொருவராக இந்தத் தொழிலைத் தாங்கி நின்றது.

திரையிலிருந்து மேசைக்குப் போகிறவருக்கு

வெளிநாடு செல்லும்போது, லாஸ் வேகஸில் உள்ள பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் போன்ற ஓர் இடத்தில், ஸ்பேஸ் கேடட்டை மட்டுமே அறிந்த ஒருவர் முதன்முறையாக ஓர் இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நான் சொல்ல விரும்புபவை மூன்று. இரண்டு துடுப்புகளையும் ஒருசேர அடிக்க வேண்டாம். இரண்டும் உயர்ந்தால் நடுவழி அகலமாகிவிடும், திரையில் கிடைத்த மன்னிப்பு இங்கே கிடைக்காது. பந்து வேகமாக வரும்போது அவசரப்பட்டு உதைக்காமல், ஒரு துடுப்பில் பட்டு மறு துடுப்புக்குத் தானாகத் துள்ளிப் போக விடலாம். ரப்பர் அந்த வேகத்தைத் தின்றுவிடும். மூன்றாவதாக, பொத்தான்களில் விரல்களை மட்டும் வைக்காமல் பெட்டியை உள்ளங்கைகளால் பற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் முதல் பந்து சில நொடிகளில் விழுந்துவிடும். அது கண்ணாடிக்கு அடியில் உருண்டு போய்த் தொட்டியில் ‘தொப்’பென்று விழும் ஓசையைக் கைகள் மரத்தின் வழியே உணரும். எக்ஸ்பியில் எத்தனையோ முறை இழந்த பந்துகளில் ஒன்றுகூட அப்படி விழுந்ததில்லை.